பச்சைச் சட்டைக்காரர்கள்

புவனேஸ் அந்தக் கூட்டத்தோடு முதன்முதலாக மலையேறப் போன ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அவள் காலைத்தான் பார்த்தார்கள்.

தேயிலைத் தோட்டத்து நுழைவாயிலுக்கு எதிரே, கார் நிறுத்தும் இடத்தில், பச்சைச் சட்டை போட்ட ஒரு சிறு கூட்டம் நின்றிருந்தது. அறுபதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. சட்டை முதுகில் 'பசுமைச் சிகர நடையர் கழகம்' என்று அரைவட்டமாக எழுதி, அடியில் ஒரு மலையும் மலைமேல் ஒரு கொடியும் போட்டிருந்தது. ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல். சிலருக்கு முதுகுப்பையிலிருந்து வாய்வரை தண்ணீர்க் குழாய். இமயமலைக்குக் கிளம்பியவர்கள் வழி கேட்பதற்காக கேமரன் மலையின் பிரிஞ்சாங் ஊரில் இறங்கியதுபோல் இருந்தது.

"இது என்னா சப்பாத்து?" என்றார் நடுவில் நின்றவர்.

"ரப்பர் சப்பாத்து சார். பூத்தோட்டத்துல போடுறது."

"பூத்தோட்டத்துல போடுறத பூத்தோட்டத்துல போடணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சொன்னால் சிரித்துவிட வேண்டும் என்று பழகிப்போன சிரிப்பு அது. ஆனால் அன்றைக்குப் புவனேஸுக்கு அது தெரியாது. தன் காலைத் தானும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

நடுவில் நின்றவர்தான் கழகத் தலைவர் லிங்கேஸ்வரன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பள்ளிக்கூடம் அவரை விட்டுப் பல வருஷமாகிறது. அவர் இன்னும் பள்ளிக்கூடத்தை விடவில்லை. கழுத்தில் விசில் தொங்கும். எதிரில் இருப்பவர் பேச ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்வார்; பேசி முடித்ததும் திறந்து, தான் முன்பு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

புவனேஸுக்கு நாற்பத்தாறு வயது. பக்கத்து ஊர் திரிங்காப்பில் செவ்வந்தித் தோட்டம். கணவன் தர்மா லோரி வைத்துக் காய்கறியும் பூவும் கோலாலம்பூருக்கு ஏற்றுகிறவன். வாரம் முழுக்க ராத்திரி ஓட்டம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை அவனுக்குத் தூக்கம். மகள் புனிதா பினாங்குக்குப் படிக்கப் போனபின் வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்துவிட்டது. ஞாயிறு மத்தியானம் கடைக்குப் போய்வரும் வழியில், இந்தப் பச்சைச் சட்டைக்காரர்கள் சாலையோரத் தேநீர்க் கடையில் சேறு படிந்த கால்களை நீட்டிப் போட்டுக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பாள். இந்த வயதில் இப்படிச் சிரிக்கும்படி மலைமேல் என்னதான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்த மலைகளுக்கு நடுவில்தான். ஆனால் ஒன்றின் உச்சியையும் அவள் மிதித்ததில்லை. அவளுக்கு மலை என்றால் சாயங்காலம் பூவின்மேல் நிழலை விழவைக்கும் ஒரு தொல்லை, அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் தானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்ற ஆசையில்தான் கழகத்தில் சேர்ந்தாள்.

அன்றைய மலை, தேயிலைத் தோட்டத்துக்குப் பின்னால் காட்டுக்குள் நிற்கும் கொண்டை மலை. உச்சியில் முடிச்சுப் போட்டதுபோல் இருப்பதால் தோட்டத்துச் சனங்கள் வைத்த பெயர். தலைவர் விசில் ஊதினார். ஒற்றை வரிசை. அவர் முதலில். அவருக்கு அடுத்து துணைத்தலைவர் திருமாறன்.

திருமாறன் தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்து ஓய்வுபெற்றவர். தலைவர் சொல்வதன் கடைசி வார்த்தையைத் திரும்பச் சொல்வதுதான் கழகத்தில் அவர் வேலை. வாழ்நாள் முழுக்கத் துரைமார்களுக்குப் பின்னால் நடந்தவர். ஓய்வுபெற்றதும் கண்ணுக்கு முன்னால் ஒரு முதுகு இல்லாமல் தவித்துப்போயிருப்பார் போலிருக்கிறது. இப்போது அவருக்கு ஒரு முதுகு கிடைத்துவிட்டது.

வரிசையின் கடைசியில் செல்லம். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள். குட்டையான, அமைதியான பெண்மணி. புவனேஸை அவளுக்கு முன்னால் நிற்கவைத்தார்கள்.

"ரூல்ஸ் கேட்டுக்க," என்றார் தலைவர். "நடுவுல நிக்கக் கூடாது. யாரையும் முந்தக் கூடாது. போன்ல மேப் பாக்கக் கூடாது. மேப் பாத்து நடக்கிறவன் மலை ஏறுறவன் இல்ல. சாப்பாடு டெலிவரி பண்றவன்."

"டெலிவரி பண்றவன்," என்றார் திருமாறன்.

"எனக்கும் உங்க மாதிரி சட்டை கிடைக்குமா சார்?" என்று கேட்டாள் புவனேஸ்.

தலைவர் கண்ணை மூடினார். திறந்தார். "சட்டை தைக்கிறது இல்லம்மா. சம்பாதிக்கிறது."

தேயிலைச் சரிவில் ஏறும்போதே புவனேஸுக்கு மூச்சு வாங்கியது. பூத்தோட்டத்தில் நாளெல்லாம் நிற்கிறவள்தான். நிற்பது வேறு, ஏறுவது வேறு. செடி வரிசைகளுக்கு நடுவே ஒற்றைக் காலடி அளவுக்குப் பாதை. பனி ஈரத்தில் முழங்கால்வரை நனைந்துவிட்டது. கீழே சாலையில் கார்கள் அதற்குள் வரிசை கட்டிவிட்டன. அவள் ஒருமுறை நின்று இடுப்பில் கை வைத்தாள்.

மேலேயிருந்து தலைவரின் குரல் வந்தது. "பூ தூக்குறதுன்னு நெனச்சிட்டு வந்துட்டாங்க போல!"

வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. அது தேநீர்க் கடையில் கேட்ட அதே சிரிப்பு. வயிறு குலுங்கும் சிரிப்பு. புவனேஸ் மேலே ஏறினாள்.

காடு தொடங்கும் இடத்தில் ஓய்வு. எல்லாரும் வேர்களில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டார்கள். அப்போது பேச்சு ஆரம்பித்தது. தலைவர் கினாபாலு ஏறிய கதை. அடுத்தவர் தாஹான் ஏறிய கதை. இன்னொருவர் ஜப்பானில் ஏறிய கதை. கதைகள் எல்லாமே முழங்கால் நன்றாக இருந்த காலத்துக் கதைகள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கவில்லை. மருந்துக்கடையில் தன் நம்பரைக் கூப்பிடக் காத்திருக்கிறவர்கள்போல் தன் முறைக்குக் காத்திருந்தார்கள். பத்து அடி தள்ளி ஒரு மரத்தின் இடுக்கில், சின்ன மணிகளைக் கோத்ததுபோல் ஒரு மஞ்சள் பூ தொங்கியது. பூ விற்றுப் பிழைக்கும் புவனேஸே அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"அது என்னா பூ அண்ணே?" என்று திருமாறனிடம் கேட்டாள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மலைக்கு வந்தா மலையப் பாக்கணும். பூவப் பாக்கவா வந்தோம்?"

மலையையாவது பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. தலைவரின் கினாபாலு இன்னும் பாதி வழியில் இருந்தது.

காட்டுக்குள் மூடுபனி இறங்கிவிட்டது. மரமெல்லாம் பாசி, மிதித்த இடமெல்லாம் பஞ்சுபோல் அமுங்கியது. கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் மேலே ஏறியது. அங்கே கிளையில் யாரோ சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். வலப்பக்கம் கீழே இறங்கியது. உச்சிக்குப் போகிறவன் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கண்டுபிடிக்க மூளை தேவையில்லை, கண் போதும். தலைவர் நின்றார். மூக்கை உயர்த்திக் காற்றை மோந்தார். வலப்பக்கம் ஊன்றுகோலை நீட்டினார்.

"சார், அந்தப் பக்கம் ரிப்பன் கட்டியிருக்கே?" என்றாள் புவனேஸ்.

"அது டூரிஸ்டுக்குக் கட்டுனது."

"டூரிஸ்டுக்கு," என்றார் திருமாறன்.

"இது கீழ போகுதே சார்?"

"ஏறுறதுக்கு முன்னால கொஞ்சம் இறங்கணும். மலைன்னா அப்படித்தான்லா. நீ இன்னிக்குத்தான வந்திருக்க?"

இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். புவனேஸ் திரும்பி செல்லத்தைப் பார்த்தாள். செல்லம் தன் ஊன்றுகோலின் நுனியைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச நேரத்தில் கோழி எரு நாற்றம் வந்தது. அப்புறம் தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம். அப்புறம் மரங்களுக்கு இடையில் வெள்ளையாக, பிளாஸ்டிக் கூரைகள். கொண்டை மலையின் உச்சியில் யாரும் முட்டைக்கோஸ் பயிரிடுவதில்லை என்பது கேமரன் மலையில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அங்கே இருந்தவர்களோ தாத்தா பாட்டி ஆனவர்கள்.

"கிட்ட வந்துட்டோம்," என்றார் தலைவர்.

கிட்ட வந்தவை நாய்கள். நான்கைந்து, நல்ல தடித்த நாய்கள். தலைவர் எரு மூட்டை அடுக்கின்மேல் ஏறிக்கொண்டார். அன்றைக்கு அவர் ஏறிய ஒரே உயரம் அதுதான். மற்றவர்கள் ஊன்றுகோல்களை நீட்டிக்கொண்டு அந்த அடுக்கைச் சுற்றி நின்றார்கள். கொட்டகைக்குள்ளிருந்து தோட்டக்காரர் முருகையா, சீட்டியடித்து நாய்களைக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே வந்தார். மூட்டை மேல் நிற்கிறவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வாரமுமா சார்?" என்றார்.

தலைவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வணக்கம் முருகையா. நாயெல்லாம் நல்லா வளந்திருக்கே."

புவனேஸ் அந்த 'இந்த வாரமுமா'வைக் கேட்டாள். மற்றவர்களின் முகங்களைப் பார்த்தாள். ஒருவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

முருகையாவின் லோரியில், முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில், எல்லாரும் பிரிஞ்சாங் திரும்பினார்கள். தலைவர் மட்டும் முன்னால், ஓட்டுநர் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் லோரி ஊர்ந்தது. பக்கத்தில் ஊர்ந்த வேனிலிருந்து சுற்றுப்பயணிகள் படம் எடுத்தார்கள். திருமாறன் அவர்களுக்குக் கையசைத்தார்.

தேநீர்க் கடையில் இறங்கியதும் கழகத்துக்கு உயிர் வந்தது. கால்களை நீட்டிப் போட்டார்கள். சேறு நன்றாகவே படிந்திருந்தது. சுவரில் கண்ணாடி போட்ட பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது: 'கொண்டை மலை உச்சியில் கழகத்தினர்'. தலைவர் அதற்கு நேர் கீழே உட்கார்ந்தார்.

"இன்னிக்கு டைம் போச்சு," என்றார். "பூக்காரம்மா மூச்சு வாங்குன வாங்குல நாயே பயந்துருச்சு."

வயிறு குலுங்கச் சிரித்தார்கள். புவனேஸுக்கும் ஒரு நாற்காலி இருந்தது, சிரிப்புக்கு நட்டநடுவில். சாலையில் பைக்குள் தக்காளியும் மீனும் சுமந்துகொண்டு யாரோ ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே போனாள். அவளைக் கூப்பிட்டு, "இங்க ஒன்னும் இல்லம்மா, வீட்டுக்குப் போ," என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது புவனேஸுக்கு.

சாயங்காலம் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவரின் அறிக்கை வந்தது. நல்ல செந்தமிழ். 'இன்று கொண்டை மலையின் மேற்குச் சரிவில் புதிய பாதை ஒன்று வெற்றிகரமாகக் கண்டறியப்பட்டது. புதிய உறுப்பினர் ஒருவரின் தளர்ந்த நடையால் ஏற்பட்ட தாமதத்தை முன்னிட்டு, திரும்புவதற்கு வாகன ஏற்பாடு செய்யப்பட்டது.' அதற்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக முளைத்தன. செல்லம் கைதட்டல் போட்டிருந்தாள்.

அந்தக் கைதட்டல்தான் புவனேஸுக்குச் சுட்டது. உடனே செல்லத்துக்குப் போன் போட்டாள்.

"அக்கா, எதுக்குக் கைதட்டுனீங்க?"

"சும்மாதான்மா. எல்லாரும் போட்டாங்க."

"வழி தப்புன்னு உங்களுக்குத் தெரியாதா?"

மறுமுனையில் செல்லம் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தாள். "தெரியும்லா. எல்லாருக்கும் தெரியும். அந்த முருகையா தோட்டத்துக்கு எத்தன தடவ போயிருக்கோம்."

"அப்புறம் ஏன் யாரும் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? சொன்னா சாரு மூஞ்சத் தூக்கி வச்சிக்குவாரு. திரும்பி வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேச மாட்டாரு. ஒரு தடவ நம்ம கிராணி திருமாறன் சொல்லிட்டு, ஒரு மாசம் வரிசையில கடைசியா நடந்தாரு தெரியுமா? பெரியவரு. விடு. நமக்கு நடந்தாச் சரி."

புவனேஸ் போனை வைத்தாள். லிங்கேஸ்வரன்மேல் இருந்த கோபம் அவளுக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது. மூக்கை நம்பி வழி தேடுகிற மனிதன் எங்கேயும் இருப்பான். ஆனால் அத்தனை பேர், பிள்ளை பெற்று வளர்த்து, வேலை பார்த்து, பென்ஷன் வாங்குகிறவர்கள், ஒருத்தர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாரே என்று பயந்து நாய் வாய்க்குள் நடந்து போகிறார்கள்! போய்விட்டு வந்து கட்டைவிரல் வேறு. அவள் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசப் பையன்கள்கூட, அவள் உரத்தைத் தப்பாகப் போடச் சொன்னால், "மேடம், தப்பு," என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள்.

தர்மா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து கதையைக் கேட்டான். "விட்டுரு. வேற வேல இல்லாத கிழடுங்க," என்றான்.

"அடுத்த வாரமும் போறேன்."

"எதுக்கு?"

"எனக்கு அந்த உச்சியப் பாக்கணும்."

ஈப்போவுக்குப் பூ கொண்டுபோன நாளில் அவள் நல்ல மலையேற்றச் சப்பாத்து ஒன்று வாங்கிவந்தாள். அடுத்த ஞாயிறு காலை தலைவர் அதையும் பார்த்தார்.

"சப்பாத்துக் கடையவே தூக்கிட்டு வந்துட்டாங்கலா," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ரப்பருக்கும் சிரிப்பு, தோலுக்கும் சிரிப்பு. புவனேஸ் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

மறுபடி கொண்டை மலைதான். 'புதிய பாதையை உறுதிசெய்வதற்காக' என்று தலைவர் சொல்லியிருந்தார். தேயிலைச் சரிவில் அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் நிற்கவில்லை. காட்டில் அதே ஓய்வு, அதே ரொட்டி. கினாபாலு போன வாரத்தைவிடச் சற்று உயர்ந்திருந்தது. பாதை பிரியும் இடம் வந்தது. சிவப்பு நாடா அங்கேயே இருந்தது. தலைவர் மூக்கை உயர்த்தினார்.

"சார்," என்றாள் புவனேஸ். வரிசையின் கடைசியிலிருந்து முன்னால் வந்துவிட்டாள். முந்தக் கூடாது என்ற விதி அங்கேயே உடைந்தது. "நான் இந்தப் பக்கம் போறேன்."

"வரிசைக்குப் போம்மா."

"உச்சி மேலதான் சார் இருக்கும்? அந்தப் பக்கம் முருகையா தோட்டம். போன வாரம் பாத்தோமே."

தலைவர் கண்ணை மூடினார். இந்தத் தடவை வெகுநேரம் திறக்கவில்லை. திறந்தபோது குரல் கம்மியிருந்தது. "குழுவ விட்டுப் போறவங்களுக்குக் குழு பொறுப்பில்ல. விழுந்தாலும் சரி, தொலஞ்சாலும் சரி."

புவனேஸ் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "உங்க எல்லாருக்கும் தெரியும். யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்களேன்."

தாஹான் ஏறியவர் தண்ணீர்க் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். ஜப்பானில் ஏறியவர் இருமினார். செல்லம் பக்கத்து மரத்துப் பாசியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள், அதற்கு ஏதோ காய்ச்சல் வந்ததுபோல. தலைவர் விசில் ஊதினார். பச்சைச் சட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வலப்பக்கம் இறங்கிப் பனிக்குள் மறைந்தன.

புவனேஸ் இடப்பக்கம் ஏறத் தொடங்கினாள். வீராப்பாகப் பேசிவிட்டாளே தவிர, காட்டுக்குள் தனியாக அவள் நடந்ததே இல்லை. பத்தடிக்கு அப்பால் வெள்ளையாக இருந்தது. எங்கேயோ ஒரு குரங்கு கத்தியது. அடுத்த நாடா எங்கே என்று தேடித் தேடி ஏறினாள். ஒரு திருப்பத்தில் நாடாவைக் காணவில்லை. திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். அப்போது பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. பயந்து ஒரு வேரைப் பிடித்துக்கொண்டாள்.

பனிக்குள்ளிருந்து திருமாறன் வந்தார். முகம் சிவந்து, மூச்சு இரைக்க.

"அண்ணே! நீங்களா?"

"நான் உன்னோட வரல," என்றார் அவர் முதல் வேலையாக. "ஒன்னுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"இவ்வளவு தூரமா?"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். "அந்த இறக்கத்துல என்னால இறங்க முடியலமா. போன வாரம் இறங்குனதுக்கே மூனு நாள் எண்ணெய் தேச்சேன். ஏறினாக்கூடப் பரவால்ல. இறங்குனா உயிர் போகுது."

"சாருகிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"நீ வேற," என்றார்.

இரண்டு பேரும் ஏறினார்கள். திருமாறன்தான் அடுத்த நாடாவைக் கண்டார். முன்னால் ஒரு முதுகு இல்லாதபோது அவருக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. கடைசி ஏற்றத்தில் வேர்களைப் பிடித்துக் கையும் காலுமாக ஏற வேண்டியிருந்தது. புதுச் சப்பாத்து புவனேஸின் குதிகாலைக் கடித்துவிட்டிருந்தது. அப்புறம் திடீரென்று ஏறுவதற்கு ஒன்றும் இல்லை.

உச்சி என்பது ஒரு சிமெண்டுத் தூணும், இரண்டு காலி பாட்டில்களும், யாரோ தின்றுபோட்ட மீ நூடுல்ஸ் குவளையும்தான். சுற்றிலும் வெள்ளைப் பனி. இவ்வளவுதானா என்று புவனேஸ் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். தர்மா கேட்டால் என்ன சொல்வது?

காற்று அடித்தது. பனி ஒரு பக்கமாக விலகியது. கீழே தேயிலைச் சரிவுகள், சீப்பு வைத்து வாரியதுபோல். அதற்கப்பால் மடிப்பு மடிப்பாகக் கூரைகள். அதில் எங்கேயோ திரிங்காப், எங்கேயோ அவள் தோட்டம். இத்தனை வருஷம் அந்தக் கூரைகளுக்கு அடியில் இருந்து மேலே பார்த்தவள் மேலிருந்து கீழே பார்த்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை என்பதும் அப்போது நன்றாகவே இருந்தது.

திருமாறன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "நான் இங்க வந்ததே இல்ல," என்றார்.

"டீக்கடையில படம் மாட்டியிருக்கே?"

"அது வேற மலை. சாருதான் பேர மாத்தி எழுதுனாரு."

புவனேஸ் அவரை முறைத்துப் பார்த்தாள். அவர் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து அவளுக்குப் பாதி கொடுத்தார். மத்தி மீன் ரொட்டி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, மேற்குப் பக்கம் வெகு கீழே, பிளாஸ்டிக் கூரைகளின் ஓரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. சற்று நேரத்தில் நாய் குரைக்கும் சத்தமும் மெலிதாக ஏறிவந்தது. புவனேஸ் எழுந்து விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள். திரும்பினால் திருமாறனைக் காணவில்லை. தூணுக்குப் பின்னால் குந்தியிருந்தார்.

"அவங்களுக்கு நம்மளத் தெரியுமா?" என்று கிசுகிசுத்தார்.

ஒரு மனிதன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மலையுச்சிக்கு வந்துவிட்டு அங்கே ஒளிந்துகொள்வதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

இறங்கும்போது மெதுவாக இறங்கினார்கள். அவருடைய முழங்காலுக்காக அவள் பல இடங்களில் நின்றாள். தேயிலைச் சரிவின் ஓரம் வந்ததும் அவர் நின்றார். "இத யார்கிட்டயும் சொல்லிடாதமா. நான் வழி தப்பிட்டேன்னு சொல்லிக்கிறேன்."

"வழி தப்பாம வந்ததுக்கு, வழி தப்பிட்டேன்னு சொல்வீங்களா?"

"உனக்குப் புரியாது. இந்த ஞாயித்துக்கிழமைய விட்டா எனக்கு வேற என்னா இருக்கு?"

சொல்லிவிட்டு, குனிந்து கொஞ்சம் சேற்றை எடுத்துச் சட்டையிலும் காலிலும் தேய்த்துக்கொண்டு தேநீர்க் கடைப் பக்கம் நொண்டிக்கொண்டே போனார். அந்தப் பக்கத்திலிருந்து முட்டைக்கோஸ் லோரியும் வரும் நேரம்தான். புவனேஸ் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பரிதாபப்பட வேண்டும் என்று நினைத்தாள். பரிதாபம் வரவில்லை.

சாயங்காலம் தலைவரின் அறிக்கை வந்தது. 'கழக விதிகளை மீறி வழி தவறிச் சென்ற புதிய உறுப்பினரை, துணைத்தலைவர் திருமாறன் தன் உயிரையும் பொருட்படுத்தாமல் தேடிச் சென்று பத்திரமாக மீட்டு வந்தார். அவருடைய துணிவைக் கழகம் பாராட்டுகிறது.' கட்டைவிரல்கள் முளைத்தன. திருமாறன் கூப்பிய கை ஒன்று போட்டிருந்தார், அடக்கத்தோடு. அடுத்த நிமிஷம் புவனேஸைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அவள் சிரித்த சிரிப்பில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தர்மா எழுந்து வந்து என்னவோ ஏதோ என்று பார்த்தான்.

அதற்கப்புறம் ஒருநாள் பிரிஞ்சாங் சந்தையில் திருமாறனைக் கண்டாள். அவர் அவளைப் பார்த்ததும் ஒரு தக்காளியைக் கையில் எடுத்து, அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல் உருட்டி உருட்டிப் படித்தார். அவள் அருகில் போய், "முழங்கால் எப்படிண்ணே?" என்று மட்டும் கேட்டாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "பரவால்ல," என்றார். தக்காளியை வாங்காமலேயே போய்விட்டார்.

செல்லம் போன் செய்தது இன்னும் கொஞ்ச நாள் கழித்து.

"நீ ஞாயித்துக்கிழம தனியாப் போறியாமே?"

"ஆமாக்கா. சின்னச் சின்ன மலையா."

"அடுத்த வாரம் எங்க போற?"

"ஜாசார் மலைக்குப் போலாம்னு இருக்கேன்."

"நானும் வரட்டுமா?" குரல் இறங்கியது. "சாருக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வந்துடுறேன். அவருக்குத் தெரிய வேணாம்."

புவனேஸுக்கு ஒரு கணம் சரி என்று சொல்லிவிடத் தோன்றியது. செல்லத்தை அவளுக்குப் பிடித்திருந்தது. தனியாக நடப்பதும் எல்லா நேரமும் நன்றாக இருக்கவில்லை. மேலே போனால், இங்கே பாருங்க என்று சொல்ல ஆள் இல்லை. ஆனால் பாசியைத் தடவிய அந்த விரல் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"தாராளமா வாங்கக்கா. ஆனா சாருகிட்ட சொல்லிட்டு வாங்க. 'நான் புவனேஸோட போறேன்'னு சொல்லிட்டு வாங்க. ஒளிஞ்சு வரணும்னா வராதீங்க."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் கூடியது.

"யோசிச்சுச் சொல்றேம்மா," என்றாள் செல்லம்.

இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அந்த ஞாயிறு புவனேஸ் தனியாகத்தான் ஜாசார் போனாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். விடுகிற மழையாகத் தெரியவில்லை. இறங்கிவந்து, காருக்குள் உட்கார்ந்து, தலையைத் துவட்டிக்கொண்டே மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: 'மழை. பாதிதான் ஏறினேன்.'